கயிறு கட்டிய மகன்

பார்வை மங்கிவரும் தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளை என்ன செய்யவேண்டும் என்று கேட்டால், நம்மவரிடம் விடை ஆயத்தமாக இருக்கிறது: பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்க நல்ல விடைதான். ஆனால் மாத்தளை மாவட்டத்தில் இரத்தோட்டை, எல்கடுவை, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களில் இன்று அந்த விடையை யார் தலையில் வைப்பது? மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். மகள் கட்டாரிலோ குவைத்திலோ வீட்டு வேலையில் இருக்கிறாள். லயத்தில் மிஞ்சியிருக்கும் மருமகள் காலையில் கொழுந்துக்குப் போனால் பின்னேரம்தான் திரும்புவாள். மாமியாரைக் கிளினிக்குக் கூட்டிப்போகும் நாளில் அவளுக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. பக்கத்தில் இருப்பதுதான் கடமை என்றால், தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் குற்றவாளிகள். பக்கத்தில் இருக்கும் ஒருத்தி தனியே சுமந்து நொறுங்கவேண்டியவள். பார்வை இழந்தவரோ இவர்களின் குற்றவுணர்ச்சிக்கும் களைப்புக்கும் நடுவே ஒரு மூலையில் உட்காரவைக்கப்பட்டவர். மூன்று பேருக்கும் உதவாத ஒரு விடையை அறம் என்று நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். இந்தக் கடமையை நம்முடைய பழைய நூல்கள் இப்படிக் குறுக்கிப் பார்க்கவில்லை என்பதே என் வாதம். தான் இல்லாத வேளையிலும் பெற்றவர் தம் காலில் நடமாட வழிசெய்வதும், அதற்கு ஊரையும் அரசையும் துணைக்கு அழைப்பதும்தான் பிள்ளையின் கடமையில் பெரும்பங்கு. அழைப்பது கடமையிலிருந்து நழுவுவதாகாது.

அந்த நூல்களில் ஒன்றைத் தேடி மாத்தளைக்காரர் தூரம் போகவேண்டியதில்லை. நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே சில கிலோமீட்டர் போனால் அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை துறவிகளின் நாவிலும் நினைவிலும் மட்டும் வாழ்ந்த திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது அந்தக் குகைகளில்தான் என்பது மரபு. பஞ்சமும் போரும் மனப்பாடம் செய்தவர்களையே கொண்டுபோய்க்கொண்டிருந்த காலம் அது. திரிபிடகத்தில் அடங்கும், புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகப் பாட்டுகளில் சாமன் என்ற இளைஞனைப் பற்றியவையும் உண்டு. உரைநடைக் கதை முழுவதும் பின்னால் எழுந்த ஜாதக உரையில் இருக்கிறது. காட்டில் தவம் செய்யும் துகூலகரும் பாரிகையும் பாம்பின் நச்சு மூச்சால் பார்வை இழக்கிறார்கள். மகன் சாமன் அவர்களைப் பேணுகிறான். ஒரு நாள் தண்ணீர் மொள்ளப் போனவனைக் காசியரசன் பிலியக்கன் நஞ்சு தோய்ந்த அம்பால் எய்துவிடுகிறான். தசரதன் கதையை அறிந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் வால்மீகியில் அந்தக் கதை சாபத்தில் போய் நிற்கிறது. ஜாதகம் வேறு திசையில் போகிறது; அதற்குப் பிறகு வருகிறேன். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த சீனத் துறவி பாகியான், அநுராதபுரத்தில் தந்தத்தாதுப் பெருவிழாவின் வீதியோரத்தில் போதிசத்துவரின் பல பிறவிகளை உருவங்களாக நிறுத்தியிருந்ததை எழுதியிருக்கிறார். அவற்றில் சாமனும் ஒருவன். கண்ணிழந்த பெற்றோரின் மகன் இந்நாட்டில் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே வீதியில் நின்று எல்லாரும் பார்த்த ஆள்.

அந்த மகன் முதலில் என்ன செய்தான் என்பதை நாம் கவனிப்பதில்லை. பெற்றோரின் நிலையைக் கண்டதும் அவன் அழுதான், பிறகு சிரித்தான் என்று உரை சொல்கிறது. இந்த வயதிலேயே கண் போயிற்றே என்று அழுகை. இனி உங்களைப் பேணும் பேறு எனக்குக் கிடைத்ததே என்று சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தாமல் இல்லை. பெற்றவரின் இயலாமை பிள்ளையின் பெருமைக்கு ஏணியாகிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. நம் வீடுகளில் அதைப் பார்த்தும் இருக்கிறோம். ஆனால் சாமன் அங்கே நிற்கவில்லை. அவர்களை ஆசிரமத்துக்கு அழைத்து வந்ததும், இரவில் தங்கும் இடம், பகலில் இருக்கும் இடம், உலாவும் இடம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் வழி தெரியும்படி எல்லாத் திசையிலும் கயிறு கட்டினான். அதற்குப் பிறகுதான் பழம் பறிப்பதும் தண்ணீர் கொண்டுவருவதும் வருகின்றன. பெற்றோரைக் காவடியில் வைத்துச் சுமந்து திரிந்த மகனின் படம் பிற்காலத்தில் புகழ்பெற்றுவிட்டது. அதைத்தான் பள்ளிப் புத்தகத்திலும் நாட்காட்டியிலும் பார்க்கிறோம். சுமக்கும் மகனோடு மட்டுமே பெற்றோர் நகரமுடியும். கயிறு கட்டிய மகன் காட்டுக்குள் போயிருக்கும் வேளையிலும் அவர்கள் எழுந்து நடக்கலாம். கடமையைப் பற்றிய இரண்டு வேறு எண்ணங்கள் இவை. நாம் தொடர்ந்து முதலாவதையே கொண்டாடி வந்திருக்கிறோம்.

கயிறு சைவ மரபிலும் இருக்கிறது, அதுவும் அறுபத்துமூவரில் ஒருவர் கையில். திருவாரூர்த் தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். கோயில் குளம் தூர்ந்துவருவதை அறிந்து அதைத் தாமே தோண்டப் புறப்பட்டார். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு, இரண்டுக்கும் நடுவே கயிறு. அதைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டி, தடவிக்கொண்டே ஏறிக் கொட்டினார் என்கிறது பெரிய புராணம். சிற்றுயிர்கள் சாகும் என்று சமணர்கள் தடுத்தார்கள், ஏளனம் செய்தார்கள், கடைசியில் மண்வெட்டியையும் கம்பையும் கயிற்றையும் பறித்துக்கொண்டார்கள் என்று கதை போகிறது. சமயப் பூசல் மிகுந்த காலத்தை ஒரு தரப்பிலிருந்து சொன்ன கதை இது. சமணர்மீது வரும் குற்றச்சாட்டை அப்படியே வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் கதை எதைக் கொடுமையாகக் காட்டுகிறது என்பது முக்கியம். ஏளனத்தைத் தாங்கிய அடியார் கம்பையும் கயிற்றையும் பறித்தபோதுதான் இறைவனிடம் முறையிடுகிறார். இதே பறிப்பை அன்பின் பெயரால் நாம் நாள்தோறும் செய்கிறோம். கை சுட்டுக்கொள்வாள் என்று அம்மாவை அடுப்படியிலிருந்து விலக்குகிறோம். கூட்டித் துடைக்கும்போது தண்ணீர்க் குடத்தையும் மருந்துப் போத்தலையும் சொல்லாமல் இடம் மாற்றுகிறோம். ஐம்பது வருடம் கொழுந்து பறித்த விரல்களுக்குத் தேயிலைத்தூள் டப்பாவும் சீனி டப்பாவும் தெரியாமல் போகாது, அவை வைத்த இடத்திலேயே இருந்தால். லயத்துப் படிக்கட்டில் ஒரு மூங்கில் கைப்பிடி, கழிப்பறை வரைக்கும் இழுத்துக் கட்டிய நைலோன் கயிறு, படியின் விளிம்பில் பூசிய வெள்ளைச் சாயம், வாசலைப் பார்த்த ஒரு நல்ல விளக்கு: இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். கட்டாரில் இருக்கும் மகளும் இதைச் செய்விக்கலாம். ஆனால் அம்மா எந்த வழியாக எங்கே போவாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாதம் தவறாமல் அனுப்பும் பணம் அந்த அறிவுக்கு ஈடாகாது.

கைப்பிடிக்கு முன்னால் போடவேண்டிய கயிறு ஒன்று உண்டு. அது பார்வை ஏன் போகிறது என்று கண்டறிவது. வயது போனால் கண் மங்கும்தானே என்ற ஒரு வசனத்தால் எத்தனையோ பேர் வீணாகக் குருடாகிறார்கள். உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உண்டு, அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவித்தது. கண்ணில் வெள்ளை படர்வது பெரும்பாலும் புரை. சிறிய சத்திரசிகிச்சையில் மங்கிய வில்லையை எடுத்துச் செயற்கை வில்லை வைத்தால் பார்வை மீளும். மதுரையில் 1976இல் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டொக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, தடுக்கக்கூடிய குருட்டை ஒழிப்பதையே தம் ஆன்மிகப் பணியாக எடுத்துக்கொண்டவர். இலங்கையில் டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தான சங்கத்தை நிறுவினார். தானம் என்ற பௌத்த எண்ணத்தைக் கருவிழி வரைக்கும் கொண்டுபோன இயக்கம் அது. இந்நாட்டவரின் கருவிழிகள் பல நாடுகளுக்குப் போயின. தம் கண்ணையே இறைவனுக்குக் கொடுத்த கண்ணப்பரைத் தொழும் சைவருக்கும் இதில் விளக்கம் தேவைப்படாது. ஆனால் எல்லாக் குருடும் புரை அல்ல. சீனி வருத்தம் விழித்திரையைக் கெடுக்கிறது. குளுக்கோமாவில் கண்ணின் அழுத்தம் நரம்பை அரித்துவிட்டால் போன பார்வை வராது; மிச்சத்தைக் காப்பாற்ற ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து விடவேண்டும். ஆகவே காலம் தாழ்த்துவது இங்கே வெறும் சோம்பல் அல்ல. மாத்தளை ஆஸ்பத்திரிக்கோ, அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கண்டிக்கோ இந்த மாதம் போகாத பயணம் அடுத்த வருடம் பயன்படாமல் போகலாம்.

நோயின் தன்மையை அறியாததால் வீட்டில் நடக்கும் அநியாயங்களும் உண்டு. குளுக்கோமா பக்கப் பார்வையை முதலில் தின்னும்; மனிதர் நேரே பார்த்துப் பேசுவார், நடந்தால் கதவு நிலையில் இடித்துக்கொள்வார். அவர் கவனமில்லாதவர் என்ற பேர் வாங்குவார். விழித்திரையின் நடுப்புள்ளி கெட்டவருக்கோ எதிரே நிற்கும் பேரனின் முகம் தெரியாது, தரையில் கிடக்கும் குச்சி கடைக்கண்ணில் தெரிந்துவிடும். இவர் நடிக்கிறார் என்பார்கள். இதைவிடப் பெரிய துன்பம் ஒன்று: பார்வை குறைந்த சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியத் தொடங்கும், ஆட்கள், பூவேலைப்பாடுகள், குட்டி மனிதர்கள். ஜெனீவா நகரின் சார்ல்ஸ் பொனே தம் பாட்டனாருக்கு இப்படி நேர்ந்ததை 1760இல் எழுதிவைத்தார். இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது. கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளை தானே படம் வரைகிறது, அவ்வளவுதான். புத்தி தெளிவாக இருப்பவருக்கும் இது வரும். நம் ஊரில் இதைச் சொன்னால் பேய் பிடித்ததென்று கயிறு மந்திரிப்பார்கள் அல்லது மூளை தட்டிவிட்டதென்று முடிவுகட்டுவார்கள். ஆகவே சொல்லாமலே பயந்து சாகிறவர்கள் இருப்பார்கள். பிள்ளை தானாகக் கேட்டு, இது கண் செய்யும் வேலை என்று சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அறிவும் ஒரு பணிவிடைதான்.

இங்கே விதி குறுக்கே வருகிறது. போன பிறவியில் செய்த வினை, அனுபவித்துத்தான் தீரவேண்டும் என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. ஆறுதலாகச் சொல்பவரும் உண்டு, கைகழுவச் சொல்பவரும் உண்டு. பழைய நூல்கள் இதற்கு இடம் கொடுக்கின்றன என்பதை மறைக்கக்கூடாது. சாமனின் பெற்றோர் முற்பிறவியில் ஒரு நோயாளியின் கண்ணைக் கெடுத்த மருத்துவக் குடும்பத்தார் என்று உரை சொல்கிறது. தம்மபத உரையின் முதற்கதையில் வரும் பார்வையற்ற தேரர் சக்குபாலருக்கும் ஏறக்குறைய இதே முற்பிறவி. ஆனால் சக்குபாலர் கதை எதற்காகச் சொல்லப்படுகிறது? அவர் உலாவிய தடத்தில் பூச்சிகள் செத்துக் கிடந்தன என்று மற்றத் துறவிகள் முறையிடுகிறார்கள். அவர் அவற்றைப் பார்க்கவில்லை, கொல்லும் எண்ணம் அவரிடம் இல்லை, ஆகவே குற்றமும் இல்லை என்று புத்தர் அவரை விடுவிக்கிறார். (பார்வையற்றவர்மீது சிற்றுயிர்க் கொலைப் பழி வருவது தண்டியடிகள் கதையிலும் இருந்தது நினைவிருக்கும்.) முற்பிறவிக் கதை பிறகு, கேட்டதற்கு விடையாக வருகிறது. இன்னும் தெளிவான சான்று சங்யுத்த நிகாயத்தில் உண்டு. மோளியசீவகர் என்ற பரிவிராசகர், மனிதன் உணரும் எல்லாமே பழவினையால்தானா என்று கேட்கிறார். பித்தம், சிலேத்துமம், வாதம், இவற்றின் கலப்பு, பருவ மாற்றம், ஒழுங்கற்ற நடப்பு, வெளித்தாக்குதல் என்று காரணங்களை அடுக்கி, வினையை எட்டில் ஒன்றாக மட்டும் வைக்கிறார் புத்தர். எல்லாவற்றையும் வினையில் போடுவது கண்கூடான அறிவையே மீறுவது என்கிறார். யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்திலும், பிறவிக் குருடன் செய்த பாவமா பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்க, இரண்டும் இல்லை என்பதே இயேசுவின் விடை. வினையை முழுதும் நம்புகிறவருக்கும் ஒன்று சொல்லலாம்: வந்தவருக்கு அது பழவினை என்றால், பார்த்துக்கொண்டு நிற்பவர் இப்போது செய்வது புதுவினை. பெற்றோரின் முற்பிறவிக் கணக்கை எழுதிய அதே உரையாசிரியர்தான் மகன் கட்டிய கயிற்றையும் எழுதினார்.

இனி அரசனிடம் வருவோம். அம்பு பட்டு விழுந்த சாமன் தன் உயிருக்காகப் புலம்பவில்லை. கண் தெரியாத பெற்றோரை இனி யார் பார்ப்பார் என்றே புலம்புகிறான். கேட்டு நின்ற பிலியக்கன், உன்னிடத்தில் நின்று நானே அவர்களுக்குப் பணி செய்கிறேன் என்கிறான். சாமன் மறுக்கவில்லை. வழி சொல்லி, பெற்றோரை அவனிடம் ஒப்படைக்கிறான். அரசன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறான். சாகும் நேரத்தில், அதுவும் தன்மேல் அம்பெய்தவனிடம் உதவி பெறுவதை அந்த மகன் இழிவாக நினைக்கவில்லை. நம்மைத் தடுப்பதோ ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம். கிராம உத்தியோகத்தரிடம் போனால், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டால், பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்று பேச்சு வரும் என்ற பயம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது; தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பராமரிப்புச் சபையில் முறையிட்டுப் பிள்ளைகளிடமிருந்து கொடுப்பனவு பெற வழிவைக்கிறது. பிள்ளையற்ற, கைவிடப்பட்ட முதியோருக்கு உறைவிடம் தருவதை அதே சட்டம் அரசின் பொறுப்பாக வைக்கிறது. அன்பைச் சட்டத்தால் வரவழைக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. கண் சொட்டு மருந்தும் வேளைச் சோறும் கிடைக்க அன்பு வரும்வரை காத்திருக்கவும் முடியாது.

வலுவான மறுப்பு வேறொன்று. கயிறு, அரசன் என்றெல்லாம் பேசுவது வீட்டுக்கு வராத பிள்ளைகளுக்குச் சாக்குச் சொல்லிக்கொடுப்பதல்லவா? தாயைத் தகப்பனைத் தோளில் நூறாண்டு சுமந்தாலும் கடன் தீராது என்று புத்தர் சொன்னதாகவே அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது. தீராத கடனைப் பிறர் கையில் மாற்றிவிடலாமா? இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜாதகமும் எடுத்துக்கொள்ளவில்லை. அரசன் குடிலை நெருங்கியதும் காலடி ஓசையைக் கேட்டு, இது சாமனின் நடை அல்லவே என்று தகப்பன் கேட்கிறார். குடம் வந்தது, தண்ணீர் வந்தது, நடை வரவில்லை. வேலைகளை மாற்றிக் கொடுக்கலாம். அந்த நடையை மாற்றிக் கொடுக்க முடியாது. ஆகவே தூரத்துப் பிள்ளைக்கு விடுதலை கிடைத்துவிடவில்லை. தொலைபேசியில் தினமும் கேட்கும் குரலும், வருடத்தில் வந்து தங்கும் நாட்களும், பார்வை போகப் போக மிகவும் வேண்டப்படுபவை. முகத்தை இழப்பவருக்குக் குரல்தான் ஆள். அந்தக் கடன் தீராது என்பது உண்மையானால், ஒருவர் தனியே சுமந்தும் தீராது. தீராத ஒன்றைப் பலர் பங்கிட்டுக்கொள்வதால் எதுவும் குறைந்துபோகாது. திரிபிடகத்தை ஓலைக்கு மாற்றிய துறவிகள் அதை மனத்திலிருந்து தள்ளிவிடவில்லை. மனம் மட்டும் போதாத காலம் வந்துவிட்டதென்று அறிந்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் அரசன் எங்கே என்று கேட்பவருக்கு என்னிடம் அழகான விடை இல்லை. கிளினிக்கில் சொல்வது சிங்களத்தில் இருந்தால், கண் தெரியாத தமிழ்க் கிழவிக்குச் சைகையும் துணை இல்லை. யாராவது கூட நின்று மொழிபெயர்க்க வேண்டும். லயத்து வீட்டுக்கு உறுதி இல்லாதபோது கைப்பிடி போடவும் யாரிடமோ கேட்கவேண்டியிருக்கிறது. இவற்றுக்காகப் பேசுவது தொழிற்சங்கத்தின் வேலை, பிரதேச சபையின் வேலை. அதுவரைக்கும் கைக்கெட்டும் அமைப்புகள் உண்டு. ஊர் முதியோர் குழு, கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், பங்குச் சபை. மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மனின் பஞ்சரதத்தை இழுக்க இத்தனை கை சேர்க்க முடிந்த ஊருக்கு, கிளினிக் நாளில் நாலு கிழவர்களை பஸ்ஸில் ஏற்றி இறக்க இரண்டு இளைஞர்களைத் தேடுவது பெரிய காரியமல்ல. பார்வையற்ற ஒருவர் வந்தபோது முகம் திருப்பியதற்காக நபிகள் கண்டிக்கப்பட்டதைத் திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயம் பேசுகிறது. அந்த இப்னு உம்மி மக்தூம் பிறகு தொழுகைக்கு அழைப்பவராகவே இருந்தார். அவர் பெற்றது இரக்கத்தோடு நிற்கவில்லை, பொறுப்பும் கிடைத்தது.

உதவி செய்யவருபவர் எல்லாரும் பிலியக்கனைப் போல மனம் திரும்பியவர் அல்லர் என்பதையும் மறக்கக்கூடாது. கண் மங்கிய ஈசாக்கை, ஆட்டுத்தோல் போர்த்திய கையைத் தடவவைத்துச் சொந்த மகனே ஏமாற்றிய கதை வேதாகமத்தில் இருக்கிறது. சேமலாப நிதிப் பணம் வரும் வேளையில், வங்கிப் புத்தகத்தில் கைநாட்டு வாங்கும் வேளையில், அது இன்றும் நடக்கக்கூடியது. எந்தக் கடதாசியானாலும் முழுவதும் வாசித்துக் காட்டி, குடும்பத்துக்கு வெளியே ஒருவர் சாட்சியாக இருந்து, பிறகே விரலைப் பிடிக்கவேண்டும். இதே மரியாதை சிகிச்சைக்கும் உரியது. சத்திரசிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் முதியவரை அதட்டிக் கூட்டிப்போவதும் தவறு, சரி விடு என்று விட்டுவிடுவதும் தவறு. அந்த மறுப்பில் இருப்பது பயமா, செலவா, மருமகளுக்குப் போகும் பேரைப் பற்றிய கவலையா என்று பிரித்துக் கேட்கவேண்டும். செலவென்றால், அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்று சொல்லலாம். பயமென்றால், ஏற்கனவே செய்துகொண்ட பக்கத்து லயத்துத் தாத்தாவை அழைத்துவந்து பேசவைக்கலாம். எல்லாம் கேட்ட பிறகும் வேண்டாம் என்றால், அது அவருடைய கண், அவருடைய முடிவு. அதைச் சாக்காக வைத்துப் படிக்கட்டில் கைப்பிடி போடுவதை மட்டும் யாரும் தள்ளிப்போடக் கூடாது.